குத்தாத காது

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. நவமணி ஏறவில்லை. படியில் தொங்கிய கண்டக்டர் வருகிறாயா இல்லையா என்று மலாயில் கேட்டான். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. ஈப்போ பஸ் ஸ்டாண்டில் காலைக் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாசாருக்குக் கூடை தூக்கிய சீனத்திகள், வேலைக்கு ஓடுகிறவர்கள். எல்லாருக்கும் போக ஓர் இடம் இருந்தது. அவளும் மகள் எல்ஸியும் மட்டும் துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றார்கள்.

எல்ஸிக்கு நாலு வயது. ராத்திரி சாப்பிட்ட சோறுதான். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டிவர வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பிள்ளை பசியில் அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, எதிரே இருந்த ரொட்டிக் கடையைக் காட்டியது. வாயால் கேட்கிற வழக்கம் அதற்குக் குறைவு. நவமணி கொஞ்ச நேரம் பார்க்காதவள்போல் நின்றாள். பிறகு போய்த் தேங்காய்ப் பூரணம் வைத்த பன் ஒன்றை வாங்கி அதன் கையில் கொடுத்தாள். வயிற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் மயக்கம் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை முதல் கடி கடித்ததுமே அன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று ஆகிவிட்டது. அது தெரிந்துதான் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம், அவள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் போகிற சுங்கை சிப்புட் பஸ் எங்கே நிற்கும் என்று யாரையும் கேட்காமல் நேராகப் போய் ஏறினாள். ஐந்து வருஷமாக அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு போனவளுக்கா தெரியாது.

இப்படியும் ஒரு தாய் செய்வாளா என்றால், செய்தாள். அவள் பைத்தியமும் இல்லை, பிள்ளைமேல் ஈவிரக்கம் இல்லாதவளும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சீன டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார். தமிழ் நர்ஸ் ஒருத்தி கூட நின்று விளக்கினாள். பிள்ளையின் காதுச் சவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டிக் கிடக்கிறது. அதனால்தான் சத்தம் சரியாக உள்ளே போகவில்லை. பிறவிச் செவிடு இல்லை, பயப்பட வேண்டாம். சவ்வில் பொடியாக ஓர் ஓட்டை போட்டு, நீரை எடுத்துவிட்டு, ஓட்டை மூடாமல் இருக்க ஒரு குட்டிக் குழாய் வைப்பார்கள். ஒரு சீசாவைத் திறந்து குழாயைக் காட்டவும் செய்தார். தையல் மெஷின் பாபினை எறும்பு அளவுக்குச் சுருக்கியது போல் இருந்தது. ஒரு வருஷத்துக்குள் அதுவே கழன்று விழுந்துவிடுமாம். பேச்சுப் பழகுகிற வயது, தள்ளிப் போடாதீர்கள், அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பின்தங்கிவிடும் என்றார். ஸ்டானிஸ்லாஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நவமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். காதில் ஓட்டையா போடுவீர்கள் என்று கேட்டாள். ஆமாம், உள்ளுக்குள்ளே என்றாள் நர்ஸ். அந்தச் சொல்தான் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிள்ளையின் காதில் முதல் ஓட்டை விழும்போது அது தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடப் பிறந்தவன் இல்லாதவள்கூட ஒன்றுவிட்ட அண்ணனையோ பெரியப்பா மகனையோ தேடிப் பிடித்து உட்கார வைப்பாள். குத்துக்கல்லாட்டம் சொந்த மாமன் ஒருவன் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும்போது, முகம் தெரியாத யாரோ, மயக்கம் போட்ட பிள்ளையை மேசையில் கிடத்திக் காதில் ஓட்டை போடுவதா. உள்ளே என்ன, வெளியே என்ன, காது காதுதானே. எல்ஸிக்கு இன்னும் தோடு போடும் காதும் குத்தவில்லை. தட்டானிடம் கூட்டிப் போனால் ரெண்டு நிமிஷ வேலை என்று ஸ்டானிஸ்லாஸ் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவள் காதிலேயே வாங்கவில்லை. அண்ணன் வந்து மடியில் வைக்கட்டும், அப்புறம் குத்தலாம் என்று இருந்தாள். அண்ணனோ அவளைத் தலைமுழுகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கதை நீளமானது இல்லை. அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தது அண்ணன் பழனியப்பன். தன் மனைவி வீரம்மாவின் தம்பிக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நேரத்தில் தோட்டத்துக்கு மரம் ஏற்ற லோரியோடு வந்த பாகான் செராய்க்காரன் ஸ்டானிஸ்லாஸோடு அவள் கிளம்பிவிட்டாள். அவன் கோயிலுக்குப் போகிறவன் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவன். வேதக்காரப் பையனோடு போனதைவிட, அண்ணன் வாக்கைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனதுதான் பெரிய குற்றமாகப் போயிற்று. எனக்குத் தங்கச்சி இல்லை என்று, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னவன் பழனியப்பன். சொன்ன சொல்லை விழுங்குகிற பரம்பரை இல்லை அது. அண்ணன் வீம்புக்கு அண்ணன், தங்கச்சி வீம்புக்குத் தங்கச்சி. ஸ்டானிஸ்லாஸின் ஆட்களும் ஞானஸ்நானத்துக்கு வந்து எல்ஸி என்று பெயர் வைத்துவிட்டுப் போனதோடு சரி.

ஈப்போவில், புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் கிரிக்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மர லோரி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். நவமணி தெருக்கோடியில் கச்சாங் பூத்தே என்று கடலையும் பலகாரமும் விற்கிற முதலாளிக்காக வீட்டிலேயே முறுக்கும் பகோடாவும் சுட்டுக் கொடுத்தாள். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால். பேச ஆளில்லை. பிள்ளையிடம் பேசினால் அது பதில் சொல்லாது, கூப்பிட்டால் திரும்பாது. அதை அவள் வெகுநாள் கவலையாகவே நினைக்கவில்லை. அண்ணன் வீம்பு அப்படியே இதுக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தன் வீட்டுச் சாயல் ஏதோ ஒன்றாவது இங்கே வந்து சேர்ந்ததே என்று இருந்தாள். ஸ்டானிஸ்லாஸ்தான் கண்டுபிடித்தான். ஒவ்வொரு தடவையும் சந்து முனையில் லோரியின் ஹாரனை அடித்துவிட்டு வருகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வருகின்றன, எல்ஸி மட்டும் அவன் வந்து தொட்ட பிறகுதான் துள்ளிக்கொண்டு திரும்புகிறது. இதுக்குக் காது சரியில்லை என்றான். நவமணி அன்றைக்கு அவனோடு சண்டை பிடித்தாள்.

தோட்டத்து முச்சந்தியில் இறங்கிச் செம்மண் சடக்கில் நடந்தாள். பிள்ளையின் வாயோரத்தில் பன்னின் சர்க்கரை காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கித்தா மரங்கள். பால் எடுத்த நேரம், காற்றில் அந்தப் புளித்த வாடை. ஐந்து வருஷம் கழித்து அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற சாக்கில் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அண்ணன் என்ன சொல்வான், தான் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதைச் சொல்லக் கூடாது. சொன்னால் லயத்து வீடுகளில் அன்றைக்கே அடுப்புக்கு அடுப்பு பேசுவார்கள். அண்ணன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு போனாள், மாரியாத்தா கூலி கொடுத்துவிட்டாள் என்பார்கள். காது குத்த வா என்று உரிமையோடு கூப்பிடத்தான் வந்திருக்கிறாள். பிச்சை கேட்க வரவில்லை.

வீரம்மா உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். வாசலில் நாத்தனாரைக் கண்டதும் எழுந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பாய் எடுத்துப் போட்டாள். கோப்பி கலந்து வைத்தாள். பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள், பார்வை காதில் வந்து நின்றது.

"இன்னும் காது குத்தலையா?"

"அதுக்குத்தான் அண்ணி வந்தேன். அண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும்."

வீரம்மா கோப்பியை நாத்தனார் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்குப் பேசிய பெண் ஓடிப்போனது அவளுக்கும் ஒரு தலைக்குனிவுதான். ஆனால் அந்தத் தம்பி வேறு ஒருத்தியைக் கட்டிப் பிள்ளை குட்டியோடு தைப்பிங்கில் சுகமாக இருக்கிறான். நீ கேட்டுப் பார், என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் உன் பேரை எடுத்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார் என்றாள். அதைக் கேட்டதும் நவமணிக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது, இன்னொரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. தன் பேரைக் கேட்டுச் சோற்றைத் தள்ளுகிற அளவுக்காவது அவனுக்கு இன்னும் கோபம் இருக்கிறதே.

பழனியப்பன் ஸ்டோரில் கித்தாப் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் காய்ந்த பால். முன் மண்டையில் முடி போயிருந்தது. வீரம்மா வாசலுக்குப் போய்க் குசுகுசுத்தாள். அவன் உள்ளே வரவில்லை. பைப்படியில் நின்று கை காலைக் கழுவினான், கழுவிய கையையே மறுபடி கழுவினான். எல்ஸி கொஞ்சம் தள்ளிக் கால்வாய் ஓரத்தில் குந்தி, சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நவமணி பலகைச் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்தான். பக்கத்து வாசல்களில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு இரண்டு அடி முன்னால் போனான். எல்ஸி என்கிற பேர் அவன் வாயில் வராது, வரவும் இல்லை.

"பாப்பா" என்றான்.

குரலே வெளியே வராத மாதிரிக் கூப்பிட்டான். நவமணி இடுக்கோடு ஒட்டிக்கொண்டாள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிற குரல். பிள்ளை சிரட்டையில் தண்ணீரை மொண்டது.

"பாப்பா. மாமாவப் பாரு."

பிள்ளை திரும்பவில்லை. அவன் கையை நீட்டியிருந்தான். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான். திரும்பி வாசலுக்கு வந்தபோது முகம் கல்லாகியிருந்தது. உள்ளே தங்கச்சி இருக்கிறாள் என்று தெரியும். பார்வை அந்தப் பக்கம் போகவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பெத்தவ தன்ன மாதிரியேதான் வளத்திருக்கா. மூஞ்சியக்கூடத் திருப்பல."

இல்லண்ணே, அதுக்குக் காது கேக்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வீரம்மா நிற்கிறாள், அடுத்த வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்கிறது, மாரியாத்தா, கூலி, வயிற்றெரிச்சல், எல்லாச் சொற்களும் அந்த ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. அவன்தான் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்றும் இருந்தது. ஒரே ஒரு தடவை திரும்பி, என்ன புள்ளே என்று கேட்டிருந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. ஈப்போ பஸ் போய்விடும் என்று சொல் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நவமணி கால்வாய்க்குப் போய்ப் பிள்ளையின் தோளைத் தொட்டாள். அது திரும்பி, ஈரக் கையோடு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் லோரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வார்டுக்குப் போயிருக்கிறான். கையில் பிள்ளைக்கு ஆரஞ்சு. கட்டில் கட்டிலாகத் தேடியிருக்கிறான். உங்கள் பிள்ளை வரவேயில்லை என்று நர்ஸ் சொன்னதும், வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று லோரியை வீட்டுக்கு விரட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் முழுசாகப் பார்த்தபிறகு ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். எங்கே போனாய் என்று கேட்டான். சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"நெசத்தச் சொல்லு நவமணி. புள்ளைக்குக் காது குத்தணுமா, இல்ல ஒனக்கு ஒங்க அண்ணன் வேணுமா?"

அவள் மேசையில் இருந்த ஆரஞ்சுப் பையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பதில் தெரியாமல் இல்லை.

"எனக்கும் ஆளு இல்லதான்லா" என்றான் அவன். "நான் யாரு மடியத் தேடுறேன்?"

நாளைக்கே தோட்டத்துக்குப் போய், பிள்ளைக்குக் காது கேக்காது, அதனால்தான் திரும்பவில்லை என்று மச்சானிடம் தானே சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான். நீங்கள் போனால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். காது நல்லானபிறகு நானே கூட்டிப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், கேட்கிற காதோடு போய் நிற்கிறேன், அப்போது எவள் என்ன சொல்வாள் பார்க்கலாம் என்றாள். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா என்று அவன் கேட்டதற்கு, அது எங்கள் வீட்டுச் சொத்து என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஸ்டானிஸ்லாஸ் உள்ளே ஆரஞ்சு உரித்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

விட்ட தேதிக்குப் பதில் இன்னொரு தேதி கிடைக்க மாதக்கணக்காயிற்று. அதற்குள் எல்ஸிக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து காதில் சீழ் வடிந்தது. தெரிந்திருந்த சொற்களும் குறைந்து, கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவது அதிகமாயிற்று. அந்த ஒரு பன்னுக்காக நவமணி தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. மறு தேதிக்கு ஸ்டானிஸ்லாஸ் லீவு போட்டுக் கூட வந்தான். பிள்ளையோடு அவளும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நர்ஸ் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபோது அது அழவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தது, ஏதாவது சொல்வாளா என்று. கதவு சாத்தியாயிற்று. நவமணி பெஞ்சில் உட்கார்ந்து வெறும் மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்நேரம் ஓட்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது, யார் மடியும் இல்லாமல் போயிற்றே என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காது கேட்டது. ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடவில்லை, ஆனால் கேட்டது. முதலில் பிள்ளைக்குப் பயம்தான். பைப்பைத் திறந்தால் அழும். பக்கத்து வீட்டு ரேடியோவுக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். தன் செருப்புச் சத்தத்தைத் தானே கேட்டு நின்றுவிடும். அப்புறம் ருசி கண்டுவிட்டது. சந்து முனையில் ஹாரன் அடித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஓடியது. எல்லாரையும் கூப்பிட்டது, பூனையை, பால்காரரை, சத்தமே போடாத சுவர்க் கடிகாரத்தை. கூப்பிட்டால் ஆட்கள் திரும்புகிறார்கள் என்பது அதற்குப் பெரிய வேடிக்கை. தலைக்கு ஊற்றும்போது நவமணி பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைத்து ஊற்றுவாள். பஞ்சை எடுத்தவுடன் அதற்கு மறுபடி உலகம் பிறந்த மாதிரி.

ஒருநாள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை பின்னால் வந்து நின்று கேட்டது.

"அம்மா, யார்ட்ட பேசுற?"

நவமணி திடுக்கிட்டுப் போனாள். இத்தனை வருஷமாக அந்த அடுப்படியில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டும், அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டும், அவன் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். வாய்விட்டு. கேட்க ஆள் இல்லை என்பதால் அது வாய்விட்டு என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. மாமாவிடம் பேசுகிறேன் என்றாள். மாமா எங்கே என்று பிள்ளை சட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. தோட்டத்தில் இருக்கிறார், ஒருநாள் போகலாம் என்றாள். அன்றிலிருந்து அடுப்படியில் அவள் வாய் திறப்பதில்லை. எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான். ஒருநாள் போகலாம், ஒருநாள் போகலாம் என்று அந்த ஒருநாள் தள்ளிக்கொண்டே போயிற்று. கேட்கிற காதோடு போய் நிற்பேன் என்றவளுக்கு, போய் நின்றால் அவன் திரும்பிப் பார்ப்பானா என்கிற பயம் வந்திருந்தது.

தைப்பூசம் வந்தது. புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகிற சாலை அவர்கள் சந்து முனையைத் தொட்டுத்தான் போகிறது. ஸ்டானிஸ்லாஸ் லோரியில் போயிருந்தான். நவமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்தர்கள் காலுக்கு ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர் அதன் காதுப் பக்கம் தெறிக்காமல், தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் தள்ளி நின்றாள். தோட்டத்து லோரிகள் சனத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. உறுமிச் சத்தத்துக்குப் பிள்ளை இடுப்பிலேயே குதித்தது.

ஒரு காவடிக்குப் பின்னால் நடந்த கூட்டத்தில் அவனைப் பார்த்தாள். மொட்டை போட்டுத் தலை நிறையச் சந்தனம். மஞ்சள் வேட்டி. அவளைக் கடந்து ஏழெட்டு அடி போய்விட்டான், முதுகுதான் தெரிந்தது. காண்டாக் கம்பைத் தோளில் வைத்துப் பால் வாளி சுமந்து சுமந்து இறங்கிப் போன வலது தோள். அவள் அண்ணன்தான். இதோ காது கேட்கிற பிள்ளை இடுப்பில் இருக்கிறது. இதோ அவன் நடந்து போகிறான். ஜன்னல் இல்லை, வீரம்மா இல்லை, லயம் இல்லை. அண்ணே என்று கூப்பிட்டால் போதும். வாயைத் திறந்தாள், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இத்தனை வருஷம் எண்ணெய்ச் சட்டியிடம் சொன்ன சொல் ஆளைப் பார்த்ததும் வரமாட்டேன் என்றது. கூட்டம் அவனை முன்னால் தள்ளிக்கொண்டு போனது.

பிள்ளையின் காதில் வாயை வைத்தாள்.

"மாமான்னு கூப்பிடு. சத்தமாக் கூப்பிடு."

எல்ஸிக்கு இதைவிட என்ன வேண்டும். இடுப்பிலிருந்து எம்பி, கழுத்து நரம்பு புடைக்க, "மாமா" என்று அலறியது. உறுமியையும் மீறிக்கொண்டு போனது குரல். முன்னால் போன கூட்டத்தில் நாலைந்து மொட்டைத் தலைகள் திரும்பின. ஒருவர் சிரித்தார். ஒருவர் கையை ஆட்டினார். வாயில் சின்ன வேல் குத்தியிருந்த ஒருவர் கண்ணாலேயே என்ன என்று கேட்டார். அத்தனை பேரும் யாரோ ஒரு பிள்ளைக்கு மாமா. பிள்ளைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மறுபடி கூப்பிட்டது, இன்னும் இரண்டு தலைகள் திரும்பின. நவமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் இல்லை. இவன் இல்லை. இறங்கிய தோளைத் தேடினாள்; தோட்டத்து லோரியில் வந்து இறங்கிய ஆண்கள் எல்லாருக்கும் வலது தோள் இறங்கித்தான் இருந்தது. திரும்பாத தலைகளில் எது அவனுடையது, அதற்குக் கேட்டதா, கேட்டும் போகிறதா.

"எந்த மாமாம்மா?" என்று கேட்டது பிள்ளை.

நவமணி கையை நீட்டினாள். நீட்டிய கை எதைக் காட்டுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அது காட்டிய பக்கத்தில் சந்தனம் காய்ந்து வெடித்த தலைகள் வெயிலில் மஞ்சளாகக் கல்லுமலையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தன. திரும்பிய தலைகளும் இப்போது முன்பக்கம் திரும்பி அவற்றோடு சேர்ந்துவிட்டன. பிள்ளை அம்மாவின் தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர எழும்பி, அடுத்த கூப்பாட்டுக்காக மூச்சை இழுத்தது.